பெயரில் இருக்கும் மலை

விருத்தாசலம் என்றால் பழமலை. ஆனால் மலை பெயரில்தான், வீதிகளெல்லாம் சமதரை. குன்னூரில் உத்தியோகம் கிடைத்த நம் பழைய மாணவி, செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் மடக்கு மின்சார சைக்கிள் ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு, "பறக்கிறது, ஸார்!" என்றாள்.

"மேட்டில் பறக்குமா, அம்மா?" என்றோம் நாம். "நீயும் வண்டியுமாக 80 கிலோ என்றால், 100 மீட்டர் உயரம் ஏறவே 22 வாட்-மணி மின்சாரம் வேண்டும்; மோட்டாரில் வீணாவது தனி. லைசென்ஸ் வேண்டாத வண்டியின் மோட்டாரோ 250 வாட்டுக்கு உட்பட்டது. ஆகையால் மிதிப்பதற்குக் கியர் அவசியம். மடக்கிய வண்டியோடு மாடிப்படி ஏறிப் பார். முக்கியமாகப் பிரேக்கைப் பார். ஏற்றத்தில் மோட்டார் கைவிட்டால் தள்ளிக்கொண்டு போகலாம். இறக்கத்தில் பிரேக் கைவிட்டால்?"

குன்னூர் மேட்டிலேயே ஓட்டிப் பார்த்து வாங்குவதாகச் சொல்லிப் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டாள். பெண் பிழைத்துக்கொள்வாள்!