அஸ்வின் வெறும் சேப்பாக்கம் புலியா?

மக்களே, செமஸ்டர் முடிஞ்சு ஊருக்கு வந்தாச்சு. வந்த உடனே ஏதாவது உருப்படியா எழுதணும்னுதான் இருந்தேன். போன ஞாயித்துக்கிழமை நடந்த ஒரு சண்டை விடமாட்டேங்குது. அதனால இந்தப் பதிவு முழுக்க கிரிக்கெட். பிடிக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிக்கோங்க, அடுத்த தடவை வேற ஏதாவது எழுதறேன்.

எங்க ஊர் பாப்பாரப்பட்டி. தர்மபுரி மாவட்டம். சுப்பிரமணிய சிவா கடைசி மூச்சு விட்ட ஊருன்னா கொஞ்சம் பேருக்குத் தெரியும். இங்கேருந்து வேலைக்குப் போறவங்கள்ல நிறைய பேர் பெங்களூர்லதான். என் மாமா ஒருத்தரும் அப்படித்தான், இருபது வருஷமா அங்கே. லீவுக்கு வந்தா டீக்கடை பெஞ்சுல அவர்தான் தலைவர். கும்ப்ளே அவருக்கு குலதெய்வம் மாதிரி. அன்னைக்கு பேச்சு அஸ்வின் பக்கம் திரும்புச்சு. மாமா சொன்னது: "நல்ல பவுலர்தான்டா மாப்ள, யாரு இல்லேன்னா? ஆனா ஊர்ல சண்டியர், வெளியூர்ல சாமியார். கும்ப்ளே கூட வச்சுப் பேசாதே."

பெஞ்சே சிரிச்சுது. பெரியவர், டீக்கும் அவர்தான் காசு கொடுத்தார். நான் வாயை மூடிக்கிட்டேன். அவர் இதைப் படிக்க மாட்டார்ங்கிற தைரியத்துல இங்கே பேசறேன்.

என் தீர்ப்பை முதல்லயே சொல்லிடறேன். இந்தியாவுல பொறந்த டெஸ்ட் ஸ்பின்னர்கள்ல முதல் இடம் அஸ்வினுக்கு. உலக அளவுல முரளி, வார்னே, அதுக்கு அடுத்து அவர். லேக்கர், ஓ'ரெய்லி எல்லாம் தாத்தா காலம், அந்தக் காலத்து பிட்ச்சை வச்சு சண்டை போட என்னால முடியாது. பேடி, பிரசன்னா, சந்திரசேகர், நம்ம வெங்கட்ராகவன் நாலு பேருமே பெரிய ஆளுங்க. ஆனா விக்கெட் கணக்குல யாரும் 300-ஐ தொடலை. அதனால சண்டை உண்மையில கும்ப்ளேவுக்கும் அஸ்வினுக்கும்தான்.

கணக்கு இதுதான். கும்ப்ளே 132 டெஸ்ட், 619 விக்கெட், சராசரி 29.65. அஸ்வின் 106 டெஸ்ட், 537 விக்கெட், சராசரி 24. "அதுல 383 இந்தியாவுல எடுத்ததுடா, பிட்ச் எடுத்துக் கொடுத்தது" என்பார் மாமா. சரி, பிட்ச்சையே பேசுவோம்.

2012 கடைசியில குக் தலைமையில இங்கிலாந்து வந்துச்சு. அதே இந்திய மண்ணு, அதே தூசி. ஸ்வான் 20 விக்கெட், பனேசர் மூணே டெஸ்ட்ல 17. நம்ம அஸ்வின்? நாலு டெஸ்ட்ல 14, சராசரி 52-க்கு மேல. தொடர் 2-1னு போச்சு. பிட்ச்தான் விக்கெட் எடுக்கும்னா அது ஏன் அஸ்வினுக்கு மட்டும் எடுத்துக் கொடுக்கலை? ரெண்டே மாசம் கழிச்சு, 2013 பிப்ரவரியில ஆஸ்திரேலியா சென்னைக்கு வந்தப்போ முதல் டெஸ்ட்லயே 12 விக்கெட், தொடர்ல 29. மண்ணு மாறலை மாமா, ஆள் மாறியிருந்தார்.

அங்கே ஆரம்பிச்சு 2024-ல நியூசிலாந்து வந்து 3-0ன்னு உதைச்சுட்டுப் போற வரைக்கும் சொந்த மண்ணுல தொடர்ந்து 18 தொடர் ஜெயிச்சோம். ஜடேஜா இல்லாம அது நடந்திருக்காது, ஒத்துக்கறேன். ஆனா கும்ப்ளே ஆடின காலத்துல 2000-ல தென்னாப்பிரிக்காவும் 2004-ல ஆஸ்திரேலியாவும் இங்கே வந்து தொடரைத் தூக்கிட்டுப் போனாங்க. கும்ப்ளேவோட சொந்த மண் சராசரி 24.88, அஸ்வினோடது 21.57. "உள்ளூர் புலி"ன்னு திட்டறாங்களே, உள்ளூர்ல புலியா இருக்கறது அவ்வளவு சுலபமா? (உள்ளூர்ல ஜெயிச்சா அது ஜெயிப்பே இல்லை, பெங்களூருக்குப் போனாத்தான் ஆளுன்னு எங்க ஊர்ல ஒரு எண்ணம் உண்டு. அதுவும் எனக்கு எரிச்சல்தான். அது வேற பதிவு.)

இப்போ வெளியூர். மாமாவோட பலமான இடம்னு நினைச்சுக்கிட்டிருக்கார். வெளிநாட்டுல கும்ப்ளே சராசரி 35-ஐ தாண்டும். அஸ்வினோடது 30-க்கு கொஞ்சம் மேல. அதாவது அவர் வச்ச பரீட்சையிலயே அவர் சாமிக்கு மார்க் கம்மி.

ஆனா நேர்மையா ஒண்ணு சொல்லணும், இல்லேன்னா இதுவும் மொக்கை ரசிகர் பதிவு ஆயிடும். ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து - இந்த நாலு நாட்டுல அஸ்வின் ஒரு தடவை கூட அஞ்சு விக்கெட் எடுத்ததில்லை. ஆஸ்திரேலியாவுல சராசரி 40-ஐ தாண்டும். 2018 சவுத்தாம்ப்டன்ல மொயின் அலி ஒன்பது விக்கெட் எடுத்த பிட்ச்ல, காயத்தோட ஆடின நம்ம ஆள் பந்து எடுபடலை, 60 ரன்ல தோத்தோம். கும்ப்ளே 2004 சிட்னியில, அந்த ஆஸ்திரேலியா பேட்டிங்குக்கு எதிரா, ஒரே இன்னிங்ஸ்ல எட்டு விக்கெட் எடுத்தார். இந்த ஒரு விஷயத்துல கும்ப்ளே மேலதான். மறுக்கலை.

மறுக்கறது அதுலேர்ந்து எடுக்கற முடிவை. வார்னே இந்தியாவுல எடுத்த விக்கெட்டோட சராசரி 43. முரளி இந்தியாவுல 45. அதுக்காக யாராவது அவங்க பட்டத்தைப் பிடுங்கினாங்களா? பெரிய ஆளுக்கும் ஒத்துக்காத ஊர் ஒண்ணு இருக்கும். முரளி எடுத்த 800-ல 493 இலங்கையிலதான். அவர் பேரைச் சொல்லும்போது மட்டும் யாரும் மண்ணைத் தோண்டிப் பார்க்கறதில்லை.

அதோட, வெளியூர்ல ஆட விட்டாத்தானே நிரூபிக்க முடியும்? 2021 இங்கிலாந்து டூர், நாலு டெஸ்ட்டும் பெஞ்ச். தள்ளிப்போன அஞ்சாவது டெஸ்ட் 2022-ல நடந்தப்பவும் பெஞ்ச். எனக்கு இன்னும் ஆறாதது 2023 ஓவல். உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனல். ஐசிசி தரவரிசையில நம்பர் ஒன் பவுலர் தண்ணி பாட்டில் தூக்கறார். எதிர்ல ஆஸ்திரேலியாவோட முதல் ஏழு பேட்ஸ்மேன்ல நாலு பேர் இடதுகை: வார்னர், கவாஜா, ஹெட், கேரி. இடதுகை ஆட்டக்காரர்களை மட்டும் 200 தடவைக்கு மேல அவுட்டாக்கின முதல் பவுலர் வெளியே உக்காந்திருக்க, ஹெட் 163 அடிச்சார். 209 ரன்ல தோத்தோம். ஆட விடாம வச்சுட்டு, வெளியூர்ல என்ன கிழிச்சான்னு கேக்கறது என்ன நியாயம்?

விட்டப்போ என்ன பண்ணார்னு பாருங்க. 2020-21 ஆஸ்திரேலியாவுல மூணு டெஸ்ட், 12 விக்கெட், சராசரி 28. அடிலெய்டுல ஸ்மித் ஒரு ரன், மெல்போர்ன்ல ஸ்மித் முட்டை. ரெண்டுமே அஸ்வின். அப்புறம் சிட்னியில முதுகு வலியோட 128 பந்து நின்னு 39 நாட் அவுட், மறுபக்கம் தொடை பிடிச்சுக்கிட்ட விஹாரி. டிரா. அந்த டிரா இல்லேன்னா காபா ஜெயிச்சும் தொடர் நமக்கு இல்லை.

பேட்டிங்கை மாமா பேசவே விடலை. 3503 ரன், ஆறு செஞ்சுரி. ஒரே டெஸ்ட்ல செஞ்சுரியும் அஞ்சு விக்கெட்டும் நாலு தடவை. அதுக்கு மேல பண்ணது போத்தம் மட்டும்தான், அஞ்சு. நாலுல கடைசி தடவை 2024 செப்டம்பர்ல, சேப்பாக்கத்துல, பங்களாதேஷோட, 38 வயசுல. கும்ப்ளேவும் ஓவல்ல 2007-ல ஒரு செஞ்சுரி அடிச்சார், மறக்கலை. ஒண்ணு. தொடர் நாயகன் விருது அஸ்வினுக்கு 11, முரளிக்கும் 11. முரளிக்கு 133 டெஸ்ட் ஆச்சு, இவருக்கு 106.

எங்க ஊர் டென்னிஸ் பால் மேட்ச்ல ஸ்பின் போட்டா கேப்டனே முறைப்பார். ஆறு ஓவர் மேட்ச்ல யார் சுழற்றுவா? வேகமா எறியறவனுக்குத்தான் மரியாதை. நானே ரெண்டு தடவை ஆஃப் ஸ்பின் போட்டு, பந்து பக்கத்து கொல்லைக்குள்ள போய், தேடி எடுத்துட்டு வர்ற வேலையும் எனக்கே வந்துச்சு. அப்படிப்பட்ட ஊர்ல உக்காந்துதான் இதை எழுதறேன், அதனால கொஞ்சம் கோபம் கூடியிருக்கலாம்.

2024 டிசம்பர் 18, பிரிஸ்பேன் டெஸ்ட் டிரா ஆன கையோட, தொடர் பாதியில இருக்கும்போதே, போதும்னு சொல்லிட்டு வந்துட்டார். அந்த மேட்ச்லயும் பெஞ்ச்தான்.

மாமா அடுத்த வாரம் மறுபடி வர்றார். 1999 டெல்லியில பாகிஸ்தானுக்கு எதிரா ஒரே இன்னிங்ஸ்ல பத்து விக்கெட், அதைத்தான் எடுத்து விடுவார், தெரியும். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அன்னைக்கு டீ காசை நான் கொடுத்துடறேன்.