நிக்காஹ் கேசட்டில் எங்கே அறுப்பது?

 

பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர்களுள் ஆரணியும் ஒன்று. ஒரே பாவில் சில சேலைகளைத் தொடர்ந்து நெய்து, பிறகு சேலை சேலையாக அறுத்தெடுப்பது நெசவாளர் வழக்கம். ஒரு சேலை முடிந்து மறு சேலை தொடங்கும் இடம் அவர்கள் கண்ணுக்கு உடனே புலப்படும். அறுக்கும் இடம் தப்பினால் பல நாள் உழைப்பு பாழாகும்.

நம் வீட்டு அலமாரிகளில் உறங்கும் பழைய நிக்காஹ் வீடியோ கேசட்டும் அத்தகைய நீண்ட பாவுதான். நிக்காஹ் மஜ்லிஸ், வலீமா விருந்து, பெண்கள் பகுதி என அனைத்தும் அதில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. இன்று வஃபாத்தாகிவிட்ட பெரியோரின் முகமும் குரலும் அதில் இருக்கின்றன. ஆனால் கேசட்டை ஓட்டிப் பார்க்கும் வி.சி.ஆர். கருவியை உலகில் கடைசியாகத் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. எனவே பலர் கேசட்டைக் கணினிக் கோப்பாக மாற்றி வருகின்றனர். அவ்வாறு மாற்றும்போது மூன்று மணி நேரமும் ஒரே கோப்பாக வந்து சேர்கிறது. அதைக் காட்சி காட்சியாகப் பிரிப்பது எப்படி?

நம் நாட்டு வீடியோவில் ஒரு விநாடிக்கு 25 படங்கள். மூன்று மணி நேரத்திற்கு 2,70,000 படங்கள்! பின்னாளில் வந்த சிறிய டிஜிட்டல் கேசட்டுகளில் படத்துடன் தேதியும் நேரமும் பதிவாகியிருக்கும். கேமரா நின்று மீண்டும் ஓடிய இடத்தை அந்த நேரக் குறிப்பே காட்டிவிடும். பழைய வி.எச்.எஸ். கேசட்டில் அந்த வசதி இல்லை. எனவே கணினி, அடுத்தடுத்த இரு படங்களின் நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒப்பிடுகிறது. வேறுபாடு நாம் குறித்துக் கொடுத்த அளவை மிஞ்சினால், அங்கே காட்சி மாறியதாகக் கொள்கிறது. எஃப்.எஃப்.எம்பெக், பைசீன்டிடெக்ட் ஆகிய மென்பொருள்கள் இப்பணியை இலவசமாகவே செய்கின்றன. எஃப்.எஃப்.எம்பெக்கில் அந்த அளவு 0 முதல் 1 வரை. 0.3 முதல் 0.5 வரை வைப்பது பொதுவான வழக்கம்.

ஆயினும் நிக்காஹ் வீடியோ இக்கருவியை இரு வகையில் ஏமாற்றும். புகைப்படக்காரரின் ஃபிளாஷ் வெளிச்சம் பட்டால், மாறாத காட்சியையும் மாறியதாக எண்ணி அறுத்துவிடும். மிக்சிங் செய்தவர் ஒரு காட்சியை மெல்லக் கரைத்து மறு காட்சியைக் கொண்டு வந்திருந்தால், உண்மையான மாற்றத்தையே காணாது விட்டுவிடும்.

இவ்விரண்டில் எது பெரிய பிழை? சற்றே சிந்தியுங்கள். அதிகமாக அறுபட்ட துண்டுகளைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் ஆண்கள் மஜ்லிஸின் கடைசியில் பெண்கள் பகுதி அறுபடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால்? முதல் படத்தை மட்டும் பார்த்துவிட்டு அத்துண்டை உறவினர் அனைவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால்? தம் கூட்டத்தார் மட்டுமே பார்ப்பர் என நம்பி ஹிஜாபின்றி அமர்ந்திருந்த சகோதரிகளின் முகங்கள், அந்நியர் கைகளுக்குச் சென்றுவிடும். அனுப்பியதைத் திரும்பப் பெறுவது எளிதன்று.

ஆகவே, அளவைக் குறைத்தே வையுங்கள். துண்டுகள் கூடட்டும். இம்மென்பொருள்கள் இணையமின்றி இயங்குபவை. வேலையை வீட்டுக் கணினியிலேயே முடியுங்கள். பிரித்த துண்டுகளை வீட்டுப் பெண்கள் முதலிலிருந்து கடைசி வரை பார்த்த பின்னரே பிறருக்குக் கொடுங்கள். முழுக் கோப்பின் பிரதி ஒன்றை அறுக்காமல் தனியே வையுங்கள்.

படம் எங்கே மாறுகிறது என்பதை மட்டுமே கணினி அறியும். அதில் இருப்போர் யார், அவர்களை யார் பார்க்கலாம் என்பதை அது அறியாது. அந்த முகங்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.