பகட்டு வேண்டாம், பொருத்தம் வேண்டும்

வீட்டிற்கு அடித்தளம் எப்படியோ, மரத்திற்கு ஆணிவேர் எப்படியோ, அப்படியே கணிப்பொறிக்குத் தாய்ப்பலகை. கடைகளில் 'மதர்போர்டு' என்று வழங்கும் இப்பலகையின் மேல்தான் செயலி, நினைவகம், சேமிப்பகம், வரைகலை அட்டை ஆகிய எல்லாம் வந்து அமர்கின்றன. தாய் என்னும் பெயர் இதற்கு எவ்வளவு பொருத்தம்! தான் முன்னே ஓடிப் பெயர் வாங்காவிட்டாலும், எல்லோரையும் இணைத்து நடத்துவது இதன் பணியன்றோ!

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி ஆற்றின் அருகே வாழும் நம் வடக்கனந்தல் போன்ற ஊர்களிலும் விளையாட்டுக் கணிப்பொறியை உதிரிப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டும் ஆசை பிறந்துவிட்டது. "விளையாட்டுக்கா இத்தனை ஆயிரம்?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. கரும்புக்கும் நெல்லுக்கும் பாடுபட்டுச் சேர்த்த பணமல்லவா அது! ஆனால் 2023ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுகளுக்கும் பதக்கங்கள் வழங்கப்பட்டன. மேலும், விளையாட்டுக்கு ஏற்ற கணிப்பொறி கட்டட வரைபடம் வரையவும், படத்தொகுப்பு செய்யவும், நிரல் எழுதிப் பழகவும் நன்றாகவே உதவும். எனவே வாங்கலாமா கூடாதா என்பதை அவரவர் வீட்டுக்கே விட்டுவிட்டு, வாங்குவதானால் எப்படி வாங்குவது என்பதையே இங்கு ஆராய்வோம்.

முதலாவது, மின்னுவதெல்லாம் பொன்னல்ல. வண்ண விளக்குகள் சிமிட்டும் விலையுயர்ந்த பலகையை வாங்கினால் விளையாட்டு வேகமாக ஓடும் என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. திரையில் படங்கள் தடையின்றி ஓடுவதற்கு வரைகலை அட்டையும் செயலியுமே பெருங்காரணம். அவ்விரண்டும் ஒன்றாகவே இருக்குமானால், நடுத்தர விலைப் பலகைக்கும் உயர்விலைப் பலகைக்கும் வேகத்தில் பெரிய வேறுபாடு தோன்றாது. பலகையில் மிச்சமாகும் பணத்தை வரைகலை அட்டைக்கு ஒதுக்குவதே அறிவுடைமை.

இரண்டாவது, பூட்டுக்கேற்ற சாவி வேண்டும். செயலியை முதலில் முடிவு செய்துகொண்டு, அதன் பிறகே பலகையைத் தேட வேண்டும். இன்டெல் செயலி ஏ.எம்.டி. பலகையில் அமராது. ஒரே நிறுவனத்திலும் சில தலைமுறைகளுக்கு ஒருமுறை பொருத்துவாய் மாறுகிறது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 பொருத்துவாய் 2016இலும், ஏ.எம்.5 2022இலும் வந்தன. இன்டெலின் எல்.ஜி.ஏ.1700 2021இலும், எல்.ஜி.ஏ.1851 2024இலும் வந்தன. ஒன்றுக்குரிய செயலி மற்றொன்றில் பொருந்தாது. நினைவகமும் அப்படியே. டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 ஆகியவற்றின் வெட்டுகள் வெவ்வேறு இடங்களில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. பலகையின் அளவையும் மறக்கலாகாது. ஏ.டி.எக்ஸ். பலகை 305க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244க்கு 244. நம் பெட்டிக்குள் எது அடங்கும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, மலிவு என்பதற்காக மட்டமானதை வாங்கலாகாது. செயலியின் அருகே மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி ஒன்று உண்டு. அது வலுவற்றதாயின், நம் சித்திரை வெயிலில் சூடேறி, செயலியின் வேகமும் குறைந்துவிடும். அதன் மேல் உலோக வெப்பத்தணிப்பான் இருக்கிறதா என்று பார்ப்பது நலம். நினைவகத்திற்கு நான்கு இடங்கள் இருந்தால், இன்று இரண்டை நிரப்பி, வசதி வரும்போது மற்ற இரண்டையும் நிரப்பலாம். 2017இல் ஏ.எம்.4 பலகை வாங்கியவர்களில் பலர், 2020இல் வெளிவந்த செயலியையும் அதே பலகையில் பொருத்திக்கொண்டனர். பலகையிலுள்ள அடிப்படை நிரலைப் புதுப்பித்ததே அதற்குப் போதுமாயிருந்தது. நாளைக்கும் உதவும் பலகையே உண்மையில் மலிவான பலகை.

சென்னை ரிச்சி தெருவிற்குச் சென்று வாங்கினாலும், அஞ்சலில் வரவழைத்தாலும், பொருந்தாத பொருளைத் திருப்பிக் கொடுப்பது நம்மைப் போன்ற தொலைவூராருக்குப் பெருஞ்சிரமம். ஆகவே பட்டியலை எழுதி, ஒவ்வொன்றும் மற்றொன்றோடு பொருந்துகிறதா என்று பலகை நிறுவனத்தார் வெளியிடும் பொருத்தப் பட்டியலோடு ஒத்துப் பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். ரசீதும் உத்தரவாதச் சீட்டும் பத்திரமாயிருக்கட்டும். வீட்டு மின்னிணைப்பில் 'எர்த்' சரியாக உள்ளதா என்பதையும் மின்பணியாளரிடம் கேட்டறிவது கட்டாயம்.

இறுதியாக, நம் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டில் கணிப்பொறி வாங்கும்போது அண்ணனிடமும் தம்பியிடமும் யோசனை கேட்கிறார்கள். பெண்பிள்ளையை யாரும் கேட்பதில்லை. "நீ தொடாதே, கெட்டுவிடும்" என்பதோடு நம் பங்கு முடிந்துவிடுகிறது. தூசி துடைக்க மட்டும் நாம் வேண்டுமாம்! இது என்ன நீதி? திருப்பெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை இயங்கிய நோக்கியா கைபேசித் தொழிற்சாலையில் நுண்ணிய பாகங்களைப் பொருத்தியவர்களில் பலர் தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பெண்களே. இன்றும் அவ்வூரிலும் ஓசூரிலும் கைபேசித் தொழிற்சாலைகளில் பெண்களே பெரும்பான்மையினர். உலகெங்கும் செல்லும் கருவிகளைப் பூட்டும் கைகள், சொந்த வீட்டுக் கருவியைத் தொடலாகாதா?

பெற்றோர்களே! திருப்புளியை மகளிடமும் கொடுத்துப் பாருங்கள். உலோகப் பெட்டியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை நீக்கிவிட்டு, பலகையை ஓரங்களில் மட்டும் பிடிக்கக் கற்றுக்கொண்டால் போதும்; அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. எது எதனோடு பொருந்தும், எதற்கு எவ்வளவு செலவிடலாம் என்று கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்கும் பெண், நாளை குடும்பத்தையும் அலுவலகத்தையும் அதே நிதானத்துடன் நடத்துவாள்.

தோழியரே! பாடத்திற்கு முதலிடம், விளையாட்டிற்கு அளவான நேரம் என்ற உறுதியோடு இக்கலையைக் கற்போம். பகட்டில் மயங்காமல் பொருத்தம் அறிந்து தேர்ந்தெடுப்போம். வீட்டுப் பணம் வீணாகாமல் காப்பதில் நமக்கும் பங்குண்டு என்பதைச் செயலில் காட்டுவோம்!