மீனுக்கும் வக்கீல், அணைக்கும் வக்கீல்!

"கொக்குக்காகக் கோர்ட்டுப் படி ஏறும் சர்க்கார், ஆமைக்காக வாதாடும் வக்கீல்! இதெல்லாம் அமெரிக்காவில்தான் நடக்கும்" என்று ஒரு கூட்டம் புகழ் பாடுகிறது. சட்டத்துக்கு ஏழை, பணக்காரன் என்ற பேதம் கிடையாதாம். எண்ணெய்க் கம்பெனி எவ்வளவு பெரியதானாலும் அபராதம் கட்ட வைத்துவிடுவார்களாம்.

இன்னொரு கூட்டம் தொழிலாளியின் காதில் வேறு மந்திரம் ஓதுகிறது. "கொக்கும் மீனுமா உனக்குச் சோறு போடுகின்றன? இந்தச் சட்டங்களால் உன் வேலைதான் போகும். உனக்கு ஆலை வேண்டுமா, ஆமை வேண்டுமா?" என்று கேட்கிறது.

இரண்டும் பொய். இரண்டு கள்ள நாணயமும் ஒரே பட்டறையில் அடித்தவை. அமெரிக்கக் கோர்ட்டுகளில் நடந்த வழக்குகளையே சாட்சிக் கூண்டில் ஏற்றி இதை நிரூபிப்போம்.

யார் இந்த வக்கீல்?

வலசை போகும் பறவைகளைக் காப்பதற்கு அமெரிக்காவில் 1918லேயே சட்டம் வந்துவிட்டது. திமிங்கிலம் முதலான கடல் பிராணிகளுக்கு 1972லும், அழிந்துவரும் ஜீவராசிகளுக்கு 1973லும், மீன் வளத்துக்கு 1976லும் சட்டங்கள் வந்தன. இவை யாரோ சீமான்கள் மனமிரங்கிக் கொடுத்த தானமல்ல. 1969ல் கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா கடற்கரையில் எண்ணெய் பீறிட்டுக் கரையெல்லாம் கறுத்தது. 1970 ஏப்ரல் 22ந் தேதி நாடெங்கும் சுமார் 2 கோடி ஜனங்கள் இயக்கத்தில் இறங்கினார்கள். அதற்குப் பிறகே சட்டசபைக் கனவான்களுக்குக் காது கேட்டது.

இந்தச் சட்டங்களைக் கோர்ட்டில் நடத்த மத்திய சர்க்காரின் நீதி இலாகாவில் தனி வக்கீல்கள் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டார்கள். இவர்களுடைய கட்சிக்காரர் யார்? மீனா? பறவையா? இரண்டும் அல்ல. சர்க்கார் இலாகாவே இவர்களுடைய கட்சிக்காரர். ஒரு கம்பெனி கடலைக் கெடுத்தால் இவர்கள் வழக்குத் தொடுக்கிறார்கள். சர்க்கார் இலாகாவே சட்டத்தை மீறி, பொதுஜனங்கள் கோர்ட்டுக்குப் போனால், அதே ஆபீஸ் வக்கீல்கள் அந்த இலாகாவுக்காக எதிர்வாதம் செய்கிறார்கள். தோற்ற வழக்கில் அப்பீல் போகவும் மேலிடத்து அனுமதி வேண்டும். அந்த மேலிடத்தின் உச்சியில் இருக்கும் அட்டர்னி ஜெனரலை நியமிப்பவர் ஜனாதிபதி.

இந்த வக்கீல்களில் நேர்மையானவர்கள் இல்லையா? உண்டு. இரவு பகலாக உழைத்தவர்கள் உண்டு. தனி மனிதர்களோடு நமக்கு வழக்கில்லை. குதிரை நல்ல குதிரையாகவே இருக்கட்டும். கடிவாளம் யார் கையில்?

மூன்று அங்குல மீனும் முன்னூறு குடும்பங்களும்

டென்னஸி மாகாணத்தில் லிட்டில் டென்னஸி என்று ஓர் ஆறு. அதன் குறுக்கே டெல்லிக்கோ என்ற அணையைக் கட்ட 1967ல் ஆரம்பித்தது, டி.வி.ஏ. என்ற சர்க்கார் கார்ப்பரேஷன். சுமார் 38,000 ஏக்கர் நிலத்தை எடுத்தார்கள். 300க்கு மேற்பட்ட குடும்பங்கள் நிலத்தை இழந்தன. செரோக்கி ஆதிகுடி மக்களின் பழைய ஊர்கள் தண்ணீரில் மூழ்க இருந்தன. எடுத்த நிலத்தில் பாதிக்கு மேல் அணைத் தண்ணீர் ஏறாத நிலம்! அது எதற்கு? விற்பதற்கு!

விவசாயிகள் முறையிட்டார்கள். எவரும் காது கொடுக்கவில்லை. 1973ல் அந்த ஆற்றில் மூன்று அங்குல நீளமுள்ள ஒரு சின்னஞ்சிறு மீன் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு சட்ட மாணவரும் ஆசிரியரும் விவசாயிகளும் சேர்ந்து, அதே வருஷத்தில் வந்த சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள். மனிதனுக்குத் திறக்காத கதவு மீனுக்குத் திறந்தது.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. 1978 ஏப்ரலில் அங்கே எழுந்து நின்றவர் யார்? அட்டர்னி ஜெனரல் கிரிபின் பெல்! மீனுக்காகவா? அணைக்காக! ஒரு கண்ணாடிக் குப்பியில் அந்த மீனைக் கொண்டுவந்து நீதிபதிகளிடம் காட்டினார். இந்தப் பொடி மீனுக்காகவா இவ்வளவு பெரிய அணையை நிறுத்துவது என்பதே அந்தக் காட்சியின் அர்த்தம். வனவிலங்குகளைக் கவனிக்கும் இன்டீரியர் இலாகாவோ மீன் பக்கமே நியாயம் என்றது. அந்த அபிப்பிராயத்தை அட்டர்னி ஜெனரலின் மனுவிலேயே அனுபந்தமாகச் சேர்த்து அச்சிட்டார்கள். முன் பக்கத்தில் அணைக்கு வாதம், பின் பக்கத்தில் மீனுக்கு வாதம். இரண்டும் ஒரே சர்க்கார்!

1978 ஜூன் 15ந் தேதி ஆறு நீதிபதிகள் மீன் பக்கமும் மூவர் எதிராகவும் தீர்ப்பளித்தார்கள். மீன் ஜெயித்தது. அடுத்து, மந்திரிகளும் உயர் அதிகாரிகளும் அடங்கிய ஒரு கமிட்டி கணக்குப் பார்த்தது. மிச்ச வேலைக்கு ஆகும் செலவுக்குக்கூட இந்த அணை லாபம் தராது என்று 1979 ஜனவரியில் ஏகமனதாகச் சொல்லிவிட்டது.

அத்துடன் முடிந்ததா? அமெரிக்கப் பார்லிமெண்டான காங்கிரஸில், ஒரு செலவு மசோதாவின் வாலில் நாலு வரி சேர்த்தார்கள்: எந்தச் சட்டம் தடுத்தாலும் டெல்லிக்கோ அணையைக் கட்டி முடிக்கலாம் என்று. 1979 செப்டம்பரில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்டார். நவம்பர் 29ந் தேதி மதகுகளை மூடினார்கள்; ஆறு ஏரியாயிற்று. பிடுங்கிய நிலத்தில் ஒரு பகுதி பிற்காலத்தில் ஏரிக்கரை மனைகளாயிற்று. வசதி படைத்த ஓய்வுக்காரர்களின் பங்களாக்களும் கோல்ப் மைதானங்களும் அங்கே எழும்பின.

வேறு ஆறுகளில் கொண்டுபோய் விட்டதால் மீன் பிழைத்துக்கொண்டது. 2022ல் அழியும் ஜீவன்களின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். விவசாயியின் நிலம்தான் திரும்பவில்லை. மீனுக்கும் விவசாயிக்கும் சண்டை என்று சொன்னவர்கள் எங்கே? மீனும் விவசாயியும் ஒரு பக்கம், மனை வியாபாரம் மறுபக்கம் என்பதே டெல்லிக்கோவின் கதை.

பதினொரு பிணங்களும் ஒரு பேரமும்

இனி கடலுக்கு வருவோம். 2010 ஏப்ரல் 20ந் தேதி இரவு மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' என்ற எண்ணெய்த் தோண்டு மேடை வெடித்தது. மேடையில் இருந்த 126 பேரில் 11 தொழிலாளர்கள் மாண்டார்கள். பி.பி. என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனியின் கிணறு அது. வேலை பல வாரங்கள் பிந்தியிருந்தது. நாளொன்றுக்குச் சுமார் 10 லட்சம் டாலர் செலவு. கிணறு சரியாக அடைபட்டதா என்று அழுத்தம் பார்க்கும் சோதனை ஆபத்தைக் காட்டியது. அதைச் சரியானபடி கவனியாமல் வேலையை மேலே தள்ளினார்கள். 87 நாட்கள் எண்ணெய் கடலில் கொட்டியது. பறவைகள் மட்டும் 56,000 முதல் 1 லட்சம் வரை செத்திருக்கும் என்பது சர்க்கார் மதிப்பீடு.

இங்கே சர்க்கார் வக்கீல்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள், மறைக்காமல் சொல்வோம். 14 குற்றங்கள் கொண்ட ஒரே குற்றப்பத்திரிகையில், 11 தொழிலாளர்களின் சாவுக்கு 11 குற்றங்கள், பறவைகளின் சாவுக்கு ஒன்று, கடல் நீரைக் கெடுத்ததற்கு ஒன்று, எண்ணெய்க் கசிவின் அளவைக் குறைத்துக் காட்டிக் காங்கிரஸை ஏய்த்ததற்கு ஒன்று என்று எழுதினார்கள். தொழிலாளியையும் கடல் பறவையையும் கொன்ற கை ஒரே கை என்பதை அந்தக் காகிதமே ஒப்புக்கொள்கிறது. கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 400 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது.

ஆனால் ஜெயிலுக்குப் போனது யார்? ஒருவரும் இல்லை! மேடையில் இருந்த இரண்டு மேற்பார்வையாளர்கள்மீது மரணத்துக்காகப் போட்ட குற்றச்சாட்டுகளில் மிஞ்சியிருந்தவற்றைச் சர்க்கார் தரப்பே 2015ல் கைவிட்டது. கம்பெனி டைரக்டர்கள் எவரும் கூண்டில் ஏறவே இல்லை.

சிவில் வழக்கையும் பாருங்கள். இது வெறும் கவனக்குறைவல்ல, படுமோசமான அலட்சியம் என்று 2014 செப்டம்பரில் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. 31 லட்சத்து 90 ஆயிரம் பீப்பாய் எண்ணெய் கடலில் கலந்தது என்று 2015 ஜனவரியில் கணக்குத் தீர்த்தது. பீப்பாய்க்கு 4,300 டாலர் வரை தண்டம் போடலாம். பெருக்கிப் பாருங்கள்: 1,371 கோடி டாலருக்கு மேல்! சர்க்கார் எதற்குச் சம்மதித்தது? 550 கோடிக்கு! மற்ற நஷ்ட ஈடுகளையும் சேர்த்து மொத்தம் 2,080 கோடி என்று தம்பட்டம் அடித்தார்கள். அந்த 550 கோடி தவிர மற்றதில் பெரும்பகுதியை வியாபாரச் செலவு என்று கணக்கெழுதி வரியைக் குறைத்துக்கொள்ள இடமிருந்தது. அப்படியானால் அந்தப் பணத்தில் ஒரு பங்கைச் சுமந்தது யார்? வரி கட்டும் சாதாரண ஜனங்கள்!

பேனாவால் பிடுங்கிய பல்

இவ்வளவு அபராதமும் கோடீஸ்வரர்களுக்குப் பொறுக்கவில்லை. 2017 டிசம்பர் 22ந் தேதி இன்டீரியர் இலாகாவின் வக்கீல் பிரிவிலிருந்து ஒரு குறிப்பு வெளிவந்தது. எழுதியவர் அதற்குமுன் எங்கே உத்தியோகம் பார்த்தார்? எண்ணெய்க் கோடீஸ்வரர்களான கோக் சகோதரர்களின் வட்டத்தைச் சேர்ந்த ஸ்தாபனத்தில்! பறவையைக் கொல்வதே நோக்கமாக இருந்தால்தான் 1918 சட்டப்படி குற்றம். வேறு தொழில் நடத்தும்போது பறவை செத்தால் குற்றமில்லை என்றது அந்தக் குறிப்பு. வாத்தைச் சுட்ட வேடன் குற்றவாளி. திறந்த எண்ணெய்க் குட்டையில் ஆயிரம் வாத்தைச் சாகடித்த கம்பெனி நிரபராதி! இந்த வியாக்கியானம் 2010ல் இருந்திருந்தால், பறவைகளுக்காகப் பி.பி. கட்டிய 10 கோடி டாலரும் வந்திராது.

2020 ஆகஸ்டில் ஒரு கோர்ட்டு இந்தக் குறிப்பை ரத்து செய்தது. 2021 ஜனவரியில் அதையே விதியாக்கினார்கள். அதே வருஷம் அக்டோபரில் புதிய சர்க்கார் அதை நீக்கியது. 2025 ஏப்ரலில் பழைய குறிப்புக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. நாற்காலி மாறியது, அர்த்தமும் மாறியது.

ஆலைத் தோழர்களே, இந்த 'நோக்கம்' என்ற வாதத்தை நன்றாகக் கவனியுங்கள்! உங்கள் விரலை வெட்ட வேண்டும் என்ற நோக்கத்தோடா முதலாளி யந்திரத்துக்கு மூடி போடாமல் விடுகிறான்? பூச்சி மருந்து அடித்து வரப்பில் மயங்கி விழும் கூலியாளைக் கொல்லும் நோக்கமா மிராசுதாருக்கு? இல்லை, அவர்கள் நோக்கமெல்லாம் லாபம். லாபத்தின் பாதையில் விழுந்த பிணத்துக்கு எவனும் பொறுப்பில்லை என்றால், இன்று பறவைக்குச் சொன்ன நியாயத்தை நாளை நமக்கும் சொல்வார்கள்.

மீனவன் முதுகில் மறைந்தவர்கள்

"இந்தச் சட்டங்கள் ஏழை மீனவனை வதைக்கின்றனவே!" என்று கண்ணீர் விடுகிறவர்களின் குட்டையும் உடைப்போம். கிழக்குக் கடற்கரையில் ஹெர்ரிங் மீன் பிடிக்கும் படகுகளில் மீனை எண்ணிப் பார்க்கும் ஆட்களை ஏற்ற வேண்டும். அவர்கள் கூலியைப் படகுக்காரர்களே தரவேண்டும் என்று சர்க்கார் விதி போட்டது. நாளுக்கு 700 டாலருக்கு மேல் ஆகலாம். இது மீனவர்களுக்கு அநியாயமே. கடல் எல்லோருக்கும் சொத்து என்றால், காவல் கூலியைச் சர்க்கார் கஜானா தரட்டும்.

ஆனால் இந்த வழக்கை நடத்த ஓடி வந்தவர்கள் யார்? அதே கோக் பண வட்டத்தோடு தொடர்புள்ள வக்கீல்கள்! 2023லேயே அந்தத் திட்டத்தை நிறுத்தி, வசூலித்த பணத்தையும் சர்க்கார் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆனாலும் வழக்கை விடவில்லை. 2024 ஜூன் 28ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, சட்டம் தெளிவாக இல்லாத இடத்தில் இலாகாவின் நியாயமான வியாக்கியானத்தை ஏற்க வேண்டும் என்ற 40 வருஷத்து ஏற்பாட்டைத் தூக்கி எறிந்தது. இது ஹெர்ரிங் மீனோடு நிற்குமா? காற்று, தண்ணீர், மருந்து, தொழிற்சாலைப் பாதுகாப்பு என்று எல்லா விதிகளையும் கம்பெனிகள் கோர்ட்டில் தாக்க வழி திறந்தது. வாசலில் மீனவனை நிறுத்தினார்கள். கொல்லைப்புறமாகக் கம்பெனிகள் நுழைந்தன.

நாம் சொல்வது

சட்டமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. போராடிப் பெற்ற சட்டத்தை ஒரு எழுத்துக்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிறோம். அதைக் கையில் எடுத்து நேர்மையாக வாதாடும் வக்கீலுக்குத் துணை நிற்கவும் வேண்டும். ஆனால் கோர்ட்டில் ஜெயித்துவிட்டோம் என்று ஜனங்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டால், சட்டசபையில் நாலு வரி சேர்ப்பார்கள். மூடிய அறையில் பேரம் முடிப்பார்கள். பேனா முனையால் அர்த்தத்தைத் திருப்புவார்கள். டெல்லிக்கோவிலும் வளைகுடாவிலும் நடந்தது அதுதான்.

இது கடல் கடந்த கதை என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, நாரைகளின் இறகெல்லாம் எண்ணெய் அப்பிக் கிடந்தது. மீனவர்கள் வாளியும் குவளையும் வைத்து வெறுங்கையால் எண்ணெயை அள்ளினார்கள். அங்கும் பறவைக்கு ஒரு வழி, மனிதனுக்கு ஒரு வழி என்று இருக்கவில்லை.

ஆகவே கேட்க வேண்டியதைத் திட்டமாகக் கேட்போம். தொழிலாளி செத்தால் அபராதத்தோடு முடிக்காதே. உத்தரவு போட்ட டைரக்டரைக் கூண்டில் ஏற்று! கட்டிய தண்டத்தை வரிக் கணக்கில் கழிக்க விடாதே! சர்க்கார் வக்கீல் செய்யும் ராஜிப் பேரத்தைக் கையெழுத்துக்கு முன் ஜனங்கள் முன்னால் வை! பாதிக்கப்பட்ட மீனவனுக்கும் கூலியாளுக்கும் அந்த வழக்கில் பேச இடம் கொடு!

"ஆலை வேண்டுமா, ஆமை வேண்டுமா?" என்று அடுத்த முறை எவனாவது கேட்டால், வளைகுடாவில் மாண்ட 11 பேரை நினைத்துக்கொண்டு திருப்பிக் கேளுங்கள்: "எங்களையும் ஆமையையும் சேர்த்துக் கொன்ற உன் லாபத்துக்கு என்ன தண்டனை?"