கழற்றிப் பார்க்கும் உரிமை

நீலமும் கருப்புமாக ஒரு சிறு பெட்டி, பின்பக்கம் இரண்டு ஆன்டெனா. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டர் 2002 இறுதியில் சந்தைக்கு வந்தது. வீட்டுக்கு வரும் இணையத்தைக் கம்பியில்லாமல் பகிர்ந்து தருவதுதான் அதன் வேலை. வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதை அலமாரி மேல் வைத்துவிட்டு மறந்துபோனார்கள். பொழுதுபோக்காக நிரல் எழுதும் சிலருக்கு மட்டும், உள்ளே என்னதான் ஓடுகிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், இணைப்பு சரியாக இருக்கிறதா என்று சோதிக்க ஒரு கட்டம் இருந்தது. இணைய முகவரியைத் தட்டச்சு செய்ய வேண்டிய இடம் அது. முகவரிக்குப் பதிலாக ஒரு கட்டளையைச் சாய்ந்த மேற்கோள் குறிகளுக்குள் அடைத்துக் கொடுத்தால், பெட்டி அதை அப்படியே நிறைவேற்றியது. கொஞ்சம் மெனக்கெட்டால் உள்ளே இருக்கும் கோப்புகளின் பட்டியலையே திரையில் கொண்டுவர முடிந்தது. பட்டியலைப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது: உள்ளே ஓடியது லினக்ஸ் என்ற இயங்குதளம்.

லினக்ஸ் பிறந்ததும் இதே ஆர்வத்தில்தான். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 ஆகஸ்டில் அதைத் தன் பொழுதுபோக்கு வேலை என்றுதான் உலகுக்கு அறிவித்தார். அடுத்த ஆண்டு அதைக் குனு பொது உரிமத்தின்கீழ் கொண்டுவந்தார். அந்த உரிமத்தின் பின்னணியில் இருப்பவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். அவர் வேலை பார்த்த எம்ஐடி ஆய்வகத்துக்கு வந்த ஒரு லேசர் பிரிண்டரில் அடிக்கடி காகிதம் சிக்கி நிற்க, அதைச் சமாளிக்க மென்பொருளில் ஒரு சிறு வசதி சேர்க்க விரும்பினார். மூலநிரல் மறுக்கப்பட்டது. அந்தக் கோபம் 1983-இல் குனு திட்டமாகவும், 1989-இல் அந்த உரிமமாகவும் மாறியது. யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கலாம்; ஆனால், விற்பவர் மூலநிரலையும் தர வேண்டும் என்பதே அதன் சாரம்.

லிங்க்சிஸும் அதற்குக் கட்டுப்பட்டதே. ஆர்வலர்கள் கேள்வி எழுப்பியதும் 2003-இல் மூலநிரல் வெளியானது. 2004 தொடக்கத்தில் அதை அடித்தளமாகக் கொண்டு ‘ஓப்பன்டபிள்யூஆர்டி’ என்ற திட்டம் தொடங்கியது. 16 எம்பி நினைவகமும் 4 எம்பி சேமிப்பிடமும் மட்டுமே கொண்ட அந்தப் பெட்டி, விலை உயர்ந்த அலுவலக ரவுட்டர்கள் செய்யும் பல வேலைகளைச் செய்யத் தொடங்கியது. 2005-இல் நிறுவனம் நினைவகத்தைப் பாதியாக்கி, லினக்ஸையும் கைவிட்டது. ஆனால், பழைய வடிவத்தைக் கேட்டவர்கள் ஓயவில்லை. அவர்களுக்காகவே லினக்ஸ் ஓடும் டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற மாதிரி சந்தைக்கு வந்தது. பத்தாண்டுகளுக்கும் மேலாக விற்றது. நோண்டிப் பார்ப்பவரை எதிரியாக நினைக்கும் நிறுவனங்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

கதை இப்படிச் சுபமாக முடிந்ததற்குக் காரணம், அந்த உரிமம். அது இல்லாத இடங்களில் நிலைமை வேறு.

2009 ஜூலையில், கிண்டில் கருவிகளில் வாசகர்கள் காசு கொடுத்து வாங்கியிருந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலின் ஒரு பதிப்பை அமேசான் தொலைவிலிருந்தே நீக்கியது. அந்தப் பதிப்பை வெளியிட்டவருக்கு அதற்கான உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பியது, மன்னிப்பும் வந்தது. என்றாலும், நம் மேசையில் இருக்கும் கருவிக்குள் விற்றவரின் கை எப்போது வேண்டுமானாலும் நுழையும் என்பது அன்று ஊரறிய நிரூபணமானது. 2016-இல் ‘ரிவால்வ்’ என்ற 300 டாலர் வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியின் சர்வரை அதை வாங்கிய நிறுவனம் நிறுத்தியது. பழுது ஏதுமில்லாத கருவிகள் ஒரே நாளில் வெற்றுப் பெட்டிகள் ஆயின.

போலந்து கதை இன்னும் கனமானது. அங்கே கீழ் சிலேசியா மாகாண ரயில்வேயின் ‘இம்புல்ஸ்’ ரயில்களைப் பராமரிக்கும் ஒப்பந்தம், ரயிலைத் தயாரித்த நேவாக் நிறுவனத்துக்குக் கிடைக்காமல் வேறொரு பணிமனைக்குப் போனது. 2022-இல் அந்தப் பணிமனை கையேட்டில் உள்ளபடி எல்லா வேலைகளையும் முடித்த பிறகும் ரயில்கள் நகர மறுத்தன. மென்பொருள் புதிர்ப் போட்டிகளில் பங்கேற்கும் ‘டிராகன் செக்டர்’ என்ற குழுவினரை அழைத்தார்கள். ரயிலின் கணினி நிரலை மாதக்கணக்கில் பிரித்துப் படித்த அவர்கள், குறிப்பிட்ட பணிமனைகளின் ஜிபிஎஸ் இருப்பிடங்கள் அதில் எழுதப்பட்டிருந்ததாகவும், அந்த எல்லைக்குள் சில நாட்கள் நின்றால் ரயில் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி நிரல் இருந்ததாகவும் சொன்னார்கள். 2023 டிசம்பரில் ஹாம்பர்க்கில் நடந்த ஒரு மாநாட்டில் விவரங்களை வெளியிட்டார்கள். நேவாக் இதை முழுமையாக மறுத்து, அவர்கள்மீதே வழக்குத் தொடுத்தது. மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய ரயில் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்க, ஆர்வத்தால் இந்த வித்தையைக் கற்றவர்களைத்தான் தேட வேண்டியிருந்தது.

கருவிகளைப் பூட்டி வைக்கப் பாதுகாப்பைக் காரணம் காட்டுபவர்களின் வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. ரவுட்டரில் இருந்த அந்தச் சோதனைக் கட்டம், கெட்ட எண்ணம் உள்ளவருக்கும் திறந்திருந்த ஓட்டைதான். ஆனால், ஓட்டையை உண்டாக்கியது நோண்டியவர் இல்லை. அது இருப்பதைச் சொன்னவர் அவர். நிறுவனங்கள் கைவிட்ட எத்தனையோ பழைய ரவுட்டர்களுக்கு இன்றும் பாதுகாப்புத் திருத்தங்களைத் தருவது ஓப்பன்டபிள்யூஆர்டி தன்னார்வலர்கள்தான். அடுத்தவர் வீட்டுக் கருவிக்குள் நுழைவது குற்றம். அதைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. சொந்தக் கருவிக்குள் எட்டிப் பார்ப்பதை அதோடு சேர்த்து எண்ணுவது நியாயமில்லை.

அமெரிக்கா இதில் சறுக்கியது. அங்கே 1998-இல் வந்த டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம், மின்னணுப் பூட்டை உடைப்பதையே சட்டவிரோதமாக்கியது. அதனால், சொந்த டிராக்டரைப் பழுதுபார்க்கக்கூட மூன்றாண்டுக்கு ஒருமுறை பரிசீலிக்கப்படும் விதிவிலக்கை நம்பியிருக்க வேண்டிய நிலை வந்தது.

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் விவேகமாக இருக்கிறது. இது பலருக்கும் தெரியாது. முறையாகப் பெற்ற ஒரு நிரல் எப்படி இயங்குகிறது, அதன் அடிப்படைக் கருத்து என்ன என்று கவனித்து ஆராய்வது பதிப்புரிமை மீறல் ஆகாது என்கிறது நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவும், உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவரையே தண்டிக்கிறது. ஆர்வத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பூட்டிய கருவியை விற்பவரைத் திறக்கச் சொல்லும் சட்டம்தான் இல்லை. 2022 டிசம்பரில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக ஓர் இணையதளம் தொடங்கியது. செல்பேசி, வாகனம், வேளாண் கருவி, வீட்டுச் சாதனம் என நான்கு துறைகள் அதில் உண்டு. தகவல் தர நிறுவனங்களை அழைப்பதோடு நிற்காமல், கையேடும் உதிரிபாகமும் மென்பொருள் திறவுகோலும் தருவதைக் கட்டாயமாக்கும் சட்டமாக அது வளர வேண்டும்.

தமிழ்நாடு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 2011 முதல் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை மாணவர்களுக்குக் கொடுத்த மாநிலம் இது. அவற்றில் வேகம் குறைந்து பரணில் கிடப்பவற்றை இறக்கி, தூசி தட்டி, நான்கு ஸ்குரூவைக் கழற்றி நினைவகத்தைக் கூட்டி, எடை குறைந்த ஒரு லினக்ஸைப் பென்டிரைவிலிருந்து நிறுவினால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினிக் கருவிகள் அறிவிக்கப்பட்டன. இப்படி லட்சக்கணக்கில் வாங்கும் ஓர் அரசு, இனிவரும் ஒவ்வொரு ஒப்பந்தப்புள்ளியிலும் ஒரே ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும்: உத்தரவாதக் காலம் முடிந்ததும் கருவியின் பூட்டுகள் எல்லாம் திறக்கப்பட்டு, பழுதுநீக்கும் கையேடு தமிழில் மாணவரிடம் தரப்பட வேண்டும்.