உள்ளே போட்டால் திருந்திவிடுவானா?

நோட்டன் பிரிட்ஜ் உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. முழுதாக வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

பொடியன் ஒருவன் ஐஸோடு பிடிபட்டால் நம் ஆட்கள் எழுதும் கமெண்ட் ஒன்றுதான்: "உள்ள போடுங்க, திருந்தி வருவான்." 2023 டிசம்பரில் 'யுக்திய' தொடங்கியபோது நானும் கைதட்டியவன்தான். போதை ஹராம் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பிறகு என் பழைய மாணவன் ஒருவன் குடுவோடு பிடிபட்டு இரண்டு மாதம் விளக்கமறியலில் இருந்தான். முதல் நாலு நாள் வாந்தி, பேதி, நடுக்கம். கிடைத்தது பனடோல். வந்து சொன்னான்: "சேர், வெளிய எனக்கு ஒரு யாவாரியத்தான் தெரியும். உள்ள போய்த்தான் பத்துப் பேரத் தெரிஞ்சுக்கிட்டேன்." மூன்று கிழமையில் திரும்பவும் தொடங்கிவிட்டான். கொழுந்து பறிக்கும் அவன் தாய் வக்கீலுக்காக அடகு வைத்த தோடு இன்னும் கடையில்தான்.

நாட்டின் சிறைகளில் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் ஆட்கள். தண்டனை பெற்றவர்களில் பாதிக்கு மேல் போதைக் குற்றம். காலை மடக்கிப் படுக்கவே இடமில்லாத இடத்தில் எந்த வைத்தியம் நடக்கும்?

"அதுக்குத்தானே கந்தக்காடு" என்பீர்கள். முன்னாள் போராளிகளை வைத்திருந்த முகாம் அது. இராணுவ ஒழுங்கில் நடந்தது. 2022 ஜூன் கடைசியில் அங்கே ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது அப்படிக் கூட்டமாக ஓடுவார்களா? 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தில் சிகிச்சை என்ற சொல் இருக்கிறது. சொல்தான் இருக்கிறது.

ஈரானைப் பாருங்கள். போதைக்கு நம்மைவிடக் கடுமையான நாடு. அங்கேயே 2000களின் தொடக்கத்திலிருந்து சிறைக்குள் ஹெரோயின் அடிமைகளுக்கு மெதடோன் கொடுக்கிறார்கள். (ஐஸுக்கு மெதடோன் உதவாது, அதற்கு நீண்டகால உளவள ஆலோசனைதான்.) இன்னொன்று: விடுதலையான முதல் இரண்டு கிழமைதான் ஆபத்து. உடம்பு பழக்கம் விட்டிருக்கும். பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். அந்தக் கிழமைகளில்தான் நாம் அவனைக் கண்டால் கதவைச் சாத்துகிறோம்.

டிக்கோயா ஆதார வைத்தியசாலையில், சிறையிலிருந்து வருபவன் மறுநாளே போகக்கூடிய கிளினிக் நாள் ஒன்றைக் கேட்டு வாங்குவோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளி நிர்வாகத்தோடு இதைப் பேசப்போகிறேன். தோட்டத் தலைவர்மாரும் கோயில் பரிபாலன சபையும் சேர்ந்தால் ஒரே கடிதமாகக் கொடுக்கலாம். கையொப்பம் வைக்க விருப்பமானவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.