சங்கிலி கழற்றிய மலை

மத்தியதரைக் கடலிலே கோர்சிக்காத் தீவு முழுதும் ஒரே மலையாக எழுந்து நிற்கிறது. அதன் முதுகின்மீது வடக்கே கலென்சானாவிலிருந்து தெற்கே கொன்கா வரை ஏறக்குறைய 180 கிலோமீற்றர் நீள்வது ‘ஜீ. ஆர். 20’ என்னும் மலைப்பாதை.

முன்னர் இப்பாதை ‘தனிமையின் வளையம்’ எனப்பட்ட செங்குத்துப் பாறைக்கிடங்கினூடே சென்றது. இரும்புச் சங்கிலியைப் பிடித்தே இறங்கி ஏறவேண்டும். நானும் ஒரு கோடையில் இறங்கி ஏறினேன். கால் நடுங்கியதை ஊரில் எவரிடமும் கூறவில்லை. சங்கிலிப் பெருமையே பேசினேன்.

2015ஆம் ஆண்டு யூன் 10ஆந் திகதி, கடும் மழையில் அங்கே பாறைகள் சரிந்தன. எழுவர் மாண்டனர். பின்னர் சங்கிலிகளும் ஏணிகளும் அகற்றப்பட்டன. இன்று பாதை சிந்தோ மலையின் தோளை ஒட்டி, 2600 மீற்றருக்கும் மேலே ஏறிச் செல்கிறது.

பாதையின் உயிரே போயிற்றென்று பழைய மலைநடைக்காரர் சிலர் குறைப்படுகின்றனர். எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. அக்கிடங்கில் மேலே செல்பவனின் கால் பட்டு உருளும் கல், கீழே வரிசையிற் காத்து நிற்பவனின் தலைக்கு வரும். ஒருவனது துணிவுக்கு வேறொருவன் விலை கொடுக்கும் இடம் அது. அன்றியும், அங்கே எம்மைத் தாங்கியது எமது வீரமா? எவரோ பாறையைத் துளைத்து மாட்டிய இரும்பல்லவா!

புதுவழி இலகுவானது என்பதும் பொய். ஏற்றம் அதிகம், கற்சரிவு நீளம். படம் பிடித்துக் காட்டத்தான் சங்கிலி இல்லை. அவர்களது மனத்தாங்கல் அதுவோ என்று ஐயுறுகிறேன்.

சென்ற கோடையில் புதுவழியே ஏறினேன். முழங்கால் இரண்டு நாள் வலித்தது. இம்முறை அதை ஊரிலும் சொன்னேன்.